ஜெனுஷனின் பேசா நேர்த்தி

ஊர்காவற்றுறையில் ஜெனுஷனைக் குறை சொல்ல ஒருவரும் இல்லை. குறை சொல்ல வந்தவர்களுக்கும் அவன் "ஓம்" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

கேட்டவர்களுக்கெல்லாம் ஓம் சொல்வது நல்ல குணம் என்பது அவனுடைய எண்ணம். ஒருமுறை ஒரே உதைபந்தாட்டத்தில் இரண்டு கழகங்களுக்கும் கோல் காக்க ஒத்துக்கொண்டுவிட்டான். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. அவன் நின்ற இடத்திலேயே நின்று கழகச் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டான். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. இரண்டு கழகங்களும் அவனுக்குக் கைகொடுத்தன. அதற்குப் பிறகு அவனைத் திருத்த யாராலும் முடியவில்லை.

மனைவி ஜொய்சி பிள்ளை சுமந்திருந்த காலத்தில், நண்டு வலை இழுத்துக்கொண்டிருந்தபோது, தகப்பன் பஸ்ரியாம்பிள்ளை கேட்டார்.

"பெடியன் எண்டால் என்ரை பேர்தானே வைப்பாய்?"

"ஓமப்பா."

அன்று பின்னேரம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டே ஜொய்சி கேட்டாள். "ஆம்பிளைப் பிள்ளையெண்டால் எய்டன் எண்டு வைப்பமோ?"

"ஓம், நல்ல பேர்."

பிறகு தகப்பனிடம் போய், "ஜொய்சிக்கு இப்ப சொல்லிப்போடாதையுங்கோ, நான் பக்குவமாச் சொல்லுறன்" என்றான். ஜொய்சியிடம் வந்து, "அப்பாவுக்கு இப்ப சொல்லிப்போடாதையும், நான் பக்குவமாச் சொல்லுறன்" என்றான். பெண்பிள்ளை பிறந்தால் இரண்டு வாக்கும் தானாகக் காற்றில் போய்விடும் என்பது அவனுடைய கணக்கு. பிறந்தது ஆண்பிள்ளை. நல்ல நிறை, நல்ல குரல், பஸ்ரியாம்பிள்ளையின் அதே மூக்கு.

மூன்று மாதமாக வீட்டில் எல்லாரும் பிள்ளையைக் "குஞ்சு" என்று கூப்பிட்டார்கள். பஸ்ரியாம்பிள்ளை கூப்பிடும்போது மற்றவர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். ஜொய்சியும் அப்படியே சிரித்தாள். இரண்டு சிரிப்புக்கும் நடுவில் ஜெனுஷன் மெலிந்துகொண்டு போனான்.

அந்தோனியார் கோயில் கொடியேற்றத்தன்று பூசை முடிவில் பாதர் அறிவித்தார். திருநாள் அன்று பின்னேரம் ஞானஸ்நானம். தீர்த்தத் தொட்டியடியில் பிள்ளையின் பெயரைத் தகப்பன் ஒலிவாங்கியில் சத்தமாகச் சொல்லவேண்டும். போன முறை ஒரு பிள்ளைக்கு இரண்டு பக்கத்துச் சொந்தமும் ஆளுக்கொரு பெயர் சொல்லி, சண்டை கோயில் மதில் தாண்டி இறங்குதுறைவரை போனதாம்.

ஜெனுஷன் நடுவில் நின்றான். வலது பக்கத்தில் தகப்பன் அவன் தோளைத் தட்டினார். இடது பக்கத்தில் ஜொய்சி அவன் கையை நசித்தாள். எதிரே ஒரு மனிதர் நேர்த்திக்கடனுக்காக முழங்காலில் நடந்து பீடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஜெனுஷன் அவரைப் பக்தியோடு பார்க்கவில்லை. வழி தெரியாமல் நின்றவன் பஸ்ஸைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் குடும்ப வட்ஸ்அப் குழுவில் அவனுடைய செய்தி வந்தது. "குஞ்சின்ரை வயித்துக் குத்து மாறினதுக்கு அந்தோனியாருக்கு நேர்த்தி. கொடி இறங்கும்வரைக்கும் வாய் திறக்கமாட்டன்."

தாய் றோஸ் கும்பிட்ட கைகளை அனுப்பினாள். தகப்பன் கேட்டார்: "எழுதிக் காட்டலாம்தானே?"

"எழுதவும் மாட்டன்."

ஜொய்சி கேட்டாள்: "தலையாட்டுவியளோ?"

"தலையாட்டவும் மாட்டன்." இதை அனுப்பிவிட்டுக் கைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான்.

கொடி இறங்குவது ஞானஸ்நானத்துக்குப் பிறகு. தொட்டியடியில் தான் வாய் திறக்க ஏலாது. தகப்பனும் ஜொய்சியும் பெயரைத் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். யார் வென்றாலும் தோற்றவர் தன்னைக் கோபிக்க முடியாது. இரண்டு பேருக்கும் ஓம் சொன்ன கதை வெளியே வராமலே போய்விடும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தைத் திட்டம் போட்டுச் செய்த சந்தோசம் அவனுக்கு.

திட்டத்தில் ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. கடல், கோயில் எல்லைக்குள் வராது என்று அவனே முடிவுசெய்து, அடுத்த நாள் விடிய வள்ளத்தில் ஏறியதும் கூட்டாளி நிருபனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். நிருபன் ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று தாயின் மேல் சத்தியம் செய்து, வள்ளத்தின் மறுமுனைக்குப் போய்த் தன் மனைவி அனோஜினிக்கு மட்டும் தொலைபேசியில் சொன்னான். அனோஜினி ஜொய்சிக்கு மட்டும் சொன்னாள். இரகசியம் வீடு போய்ச் சேர்ந்தபோது ஜெனுஷன் கடலில் பாதி வலைகூட இழுத்து முடிக்கவில்லை.

ஜொய்சிக்குப் பெயரைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. எய்டன் என்பது கனடாவிலிருக்கும் யாரோ ஒருத்தியின் பிள்ளைக்கு வைத்த பெயர். முகநூலில் பார்த்துப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் கட்டினவன் தன்னிடம் ஓம் என்றுவிட்டு, பின்வளவு வழியாகப் போய் இன்னோர் ஓமும் சொல்லியிருக்கிறான். அதை அவன் தன் வாயாலேயே சொல்லவேண்டும். கொடி இறங்க முதல் சொல்லவேண்டும். அவளுக்குத் தேவைப்பட்டது அது ஒன்றுதான்.

அன்று மத்தியானம் சோறு போட்டுவிட்டு அவன் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"இஞ்சருங்கோ, எழுவைதீவிலையிருந்து அம்மா வந்து ஒரு மாதம் நிக்கட்டோ எண்டு கேக்கிறா. உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் சொல்லுங்கோ."

ஜெனுஷன் சோற்றைப் பார்த்தான்.

"ஒண்டும் சொல்லாட்டி ஓம் எண்டுதான் நான் எடுப்பன்."

ஜெனுஷன் சோற்றை இன்னும் கிட்டப் பார்த்தான்.

"சரி. நீங்கள் எப்பவும் நல்ல மனுசன்."

மாமியார் மரியநாயகி அடுத்த வள்ளத்திலேயே வந்து இறங்கினாள். கூடவே கோழிகளும், அவளுடைய சொந்த மின்விசிறியும். ஜெனுஷனின் கட்டில் மாமியாருக்குப் போனது. விறாந்தை ஜெனுஷனுக்கு வந்தது. கோழிகளும் விறாந்தைக்கே வந்தன.

இரண்டு நாள் கழித்து, சந்தியில் சலூன் வைத்திருக்கும் றஜீபன் பையோடு வந்தான்.

"அக்கா வரச்சொன்னவ. மீசையும் நேர்த்தியோ அண்ணை?"

ஜெனுஷன் கண்ணை அகல விரித்தான். அந்த மீசை உயர்தரப் பரீட்சைக் காலத்தில் முளைத்தது. பரீட்சையில் அவனுக்கு வந்த ஒரே பெறுபேறும் அதுதான்.

"வேண்டாமெண்டால் சொல்லுவார்தானே" என்றாள் ஜொய்சி, பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு. "சொல்லுங்கோவன். உங்கடை மீசை, உங்கடை வாய்."

ஜெனுஷன் சொல்லவில்லை. மீசை போனது. கண்ணாடியில் பார்த்தபோது தன் சின்னம்மா வந்து நிற்கிறாவோ என்று ஒரு கணம் நினைத்தான்.

விசயம் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மரியநாயகிக்கு மருமகனின் நேர்த்தி மேல் பெரிய பெருமை. அவள் ஊர் முழுக்கச் சொன்னாள். சனம் வரத் தொடங்கியது. முதலில் சும்மா பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு பக்கத்தில் இருந்து மனக்குறை சொன்னார்கள். மறுத்துப் பேசாத ஆம்பிளை ஒருவன் கிடைத்திருக்கிறான் என்ற செய்தி பெண்களிடையே பரவ, பின்னேரங்களில் வாசலில் செருப்புகள் குவிந்தன. தங்கள் புருசன்மாரைப் பற்றி அவர்கள் சொன்னவற்றைக் கேட்ட பிறகு, இறங்குதுறையில் சில ஆட்களின் முகத்தைப் பார்க்க ஜெனுஷனுக்கு வெட்கமாக இருந்தது.

ஒருநாள் ஸ்ராட் வராத வள்ள எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து தொடச் சொன்னார்கள். தொட்டான். எண்ணெய்க் குழாயின் மூடி பூட்டியிருந்ததைக் கண்டு, தொட்ட கையோடு திறந்தும் விட்டான். எஞ்சின் ஒரே இழுவையில் பிடித்தது. கொண்டுவந்தவர் அழுதார்.

"இந்தமாதிரி வாய் கட்டினவன் வாய் திறந்து சொல்லுற முதற் சொல் அவன்ரை சொல் இல்லை" என்று மரியநாயகி கூட்டத்துக்கு விளக்கினாள். "அது அந்தோனியாற்றை சொல்."

பஸ்ரியாம்பிள்ளை இதைக் கேட்டுத் தலையாட்டினார். அந்தச் சொல் எதுவாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். புது வள்ளத்தின் மூக்கில் "சின்னப் பஸ்ரியான்" என்று எழுதுவித்து, அதன் மேல் சாக்குப் போட்டு மூடியும் வைத்திருந்தார்.

"உங்களுக்கு ஏன் இந்தப் புழுகம்?" என்று அவருடைய உற்சாகத்தைக் கண்டு றோஸ் கேட்டாள்.

"பொறுத்துப் பார் றோஸ். இந்த வீட்டிலை இன்னொரு பஸ்ரியாம்பிள்ளை வரப்போகுது."

"ஒண்டோடையே நான் படுற பாடு போதும்" என்றாள் றோஸ்.

திருநாளுக்கு முதல் நாள்வரைக்கும் ஜெனுஷன் வாய் திறக்கவில்லை. ஜொய்சிக்குப் பொறுமை போய்விட்டது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் துருவலையை நிறுத்திவிட்டு மிகவும் அன்பாகக் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ. எய்டன் எனக்கு இப்ப அவ்வளவு பிடிக்கேல்லை. தமிழ்ப் பேராய் ஒண்டு யோசிச்சனான். பிரதாபன்."

ஜெனுஷன் குடித்த தேத்தண்ணீர் மூக்கால் வந்தது.

புளியங்கூடல் பிரதாபன். ஜொய்சி படித்த காலத்தில் இரண்டு வருடமாக அவள் ஏறும் பஸ்ஸிலேயே அவளுக்குப் பின்னால் வந்தவன். அவனுடைய பள்ளிக்கூடம் எதிர்த் திசையில் இருந்தது. இப்போது யாழ்ப்பாணத்தில் வங்கி வேலை, துஷாந்தி என்றொரு மனைவி, கழுத்துப்பட்டி. ஜெனுஷன் அந்தக் கழுத்துப்பட்டியைத் தூரத்தில் கண்டாலே பாதை மாறிப் போவான்.

"நாளைக்குத் தொட்டியடியிலை நீங்கள் பேர் சொல்லாட்டி நான் சொல்லுறன். பிரதாபன் எண்டு. வேண்டாமெண்டால் இப்பவே வாய் திறந்து, எனக்குச் சொல்ல இருக்கிறதையெல்லாம் சொல்லிப்போடுங்கோ."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு வள்ளத்துக்கு ஓடினான்.

"வெருட்டுறாள், என்ன மச்சான்?" என்று கடலில் கேட்டான். "உண்மையாச் சொல்லமாட்டாள்தானே?"

நிருபன் நண்டை வலையிலிருந்து கழற்றிக்கொண்டே யோசித்தான். "ஜொய்சி அக்காவோ? உன்ரை மீசை எங்கை மச்சான்?"

மறுநாள் கோயில் நிரம்பி வழிந்தது. வழமையாக ஞானஸ்நானத்துக்குச் சொந்தக்காரர் மட்டும் வருவார்கள். இன்றைக்கு முதற் சொல்லைக் கேட்கப் பக்கத்து ஊர்ச் சனமும் வந்து, கைபேசிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. பஸ்ரியாம்பிள்ளை பட்டு வேட்டியோடு முன்வரிசையில் நின்றார். ஜொய்சி பிள்ளையை ஏந்திக்கொண்டு தொட்டியடியில் நின்றாள். ஜெனுஷன் வியர்வையோடு நின்றான்.

"தகப்பன், பிள்ளைக்கு என்ன பேர்?" பாதர் ஒலிவாங்கியை நீட்டினார். பின்னால் இன்னும் நாலு பிள்ளைகள் வரிசையில் கத்திக்கொண்டிருந்தன; அவருக்கு அவசரம்.

ஜெனுஷன் ஒலிவாங்கியைப் பார்த்தான்.

"பாதர், இவருக்கு நேர்த்தி" என்றாள் ஜொய்சி. "நான் சொல்லட்டோ?"

"தாய் சொன்னாலும் சரி. கெதியாச் சொல்லும்."

ஜொய்சி ஜெனுஷனைப் பார்த்தாள். இதோ, இப்போது சொல்லுவான். ஒரு கணம் விட்டாள். இன்னொரு கணமும் விட்டாள். அவன் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒலிவாங்கிப் பக்கம் மெதுவாகக் குனிந்தாள்.

"பிள்ளையின்ரை பேர் வந்து, பிர..."

"பிரதாபன் எண்டு மட்டும் வைக்கக்கூடாது!"

ஒன்பது நாள் கரையில் அடைத்து வைத்த குரல் ஒலிபெருக்கி வழியாகக் கோயிலை நிறைத்து, மணிக்கூண்டைச் சுற்றி, இறங்குதுறையில் காரைநகருக்கு வெளிக்கிட்ட படகுவரைக்கும் போனது.

மரியநாயகி முழங்காலில் விழுந்தாள். "பிரதாபன்! அந்தோனியார் சொல்லிப்போட்டார்!"

"பிரதாபன்!" என்றது சனம்.

"அம்மா, அவர் வைக்கக்கூடாது எண்டெல்லோ சொல்லுறார்" என்றார் பாதர்.

"முதற் சொல்தான் பாதர் அந்தோனியாற்றை. மிச்சம் மருமோன்ரை சொந்தக் கதை."

ஜொய்சிக்கு முகம் வெளிறிவிட்டது. அவள் வெருட்டத்தான் வந்தவள். ஜெனுஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இஞ்சருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோவன்! இல்லாட்டி அந்தப் பேரை வைச்சுப்போடுவினம்!"

ஜெனுஷன் தகப்பனைப் பார்த்தான். ஜொய்சியைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். அதன் கழுத்தில் ஒரு கழுத்துப்பட்டி தொங்குவதாக ஒரு காட்சி அவன் கண்ணுக்குள் வந்துபோனது. அதற்குப் பிறகு மறைக்க ஒன்றுமில்லை.

"பாதர், நேர்த்தி பொய்" என்றான் ஒலிவாங்கியில். "அப்பாவுக்கும் ஓம் எண்டு சொன்னனான், இவவுக்கும் ஓம் எண்டு சொன்னனான். ரெண்டு பேருக்கும் முகம் குடுக்க ஏலாமல் வாயை மூடிக்கொண்டு திரிஞ்சனான். கடலிலை ஒவ்வொரு நாளும் கதைச்சனான். அந்த எஞ்சினுக்கு எண்ணெய் மூடி பூட்டிக் கிடந்தது. நான் ஒரு பொய்யன்."

கோயில் முழுக்க ஒரு விம்மல் எழுந்தது.

"பாத்தியளே," என்றாள் எஞ்சின்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன ஒரு தாழ்ச்சி!"

"எண்ணெய் மூடியாம்! அற்புதம் செய்துபோட்டு எண்ணெய் மூடியாம்!" என்றாள் இன்னொருத்தி.

"உண்மை பாதர்!" என்று ஜொய்சி கத்தினாள். "எனக்குத் துவக்கத்திலையே தெரியும்! நான்தான் இவரைக் கதைக்க வைக்கிறதுக்கு நடிச்சனான்!"

"பெண்சாதியும் அப்பிடித்தான்" என்றார் ஒருவர். "நல்ல பொருத்தம்."

பஸ்ரியாம்பிள்ளைக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மகனை நோக்கி ஓர் அடி வைத்தார். அதற்குள், புண்ணியவானைப் பெற்றவர் என்று சனம் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றத் தொடங்கியது. மூன்றாவது ஆள் ஒற்றியபோது கோபம் கழுத்துவரைக்கும் இறங்கிவிட்டது. ஐந்தாவது ஆளுக்கு அவராகவே கையை நீட்டினார். பக்கத்தில் றோஸ் அந்தோனியார் சொரூபத்தைப் பார்த்து, மனதார நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதர் வரிசையில் கத்தும் பிள்ளைகளைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார். "வேறை பேர் சொல்லப் போறியளோ? நீங்கள் ரெண்டு பேரும் ஒரே பேரைச் சொன்னால் நான் அதை வைக்கிறன்."

"எய்டன்" என்றான் ஜெனுஷன், ஜொய்சிக்கு விட்டுக்கொடுத்து.

"பஸ்ரியாம்பிள்ளை" என்றாள் ஜொய்சி அதே நேரத்தில், அவனுக்கு விட்டுக்கொடுத்து.

பாதர் பெருமூச்சு விட்டு, அந்தோனி பிரதாபன் என்று சொல்லித் தண்ணீர் ஊற்றினார்.

வீட்டுக்கு வந்து கேக் வெட்டினார்கள். அதில் எய்டன் என்று எழுதியிருந்தது. பேர் இருந்த பக்கத்தைப் பஸ்ரியாம்பிள்ளை சாப்பிட்டார்.

குசினிக்குள் ஜெனுஷன் மெதுவாகக் கேட்டான். "துவக்கத்திலையே தெரியுமெண்டால், பேந்து ஏன் என்ரை மீசையை எடுப்பிச்சனீர்?"

"வாய் தெரியட்டும் எண்டுதான்" என்றாள் ஜொய்சி. "ஏன் இஞ்சருங்கோ, பஸ்ரியாம்பிள்ளை எண்டு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதோ?"

"கேட்டது. எய்டன் எண்டு நான் சொன்னது?"

"கேட்டது." அவள் சிரிக்கத் தொடங்கினாள். சுவரில் சாய்ந்து சிரித்தாள். பிறகு நிலத்தில் இருந்துகொண்டு சிரித்தாள். அவனும் பக்கத்தில் இருந்தான். ஒரு கோழி வந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் போனது.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் பிரதாபன். ஒலிபெருக்கிச் செய்தி புளியங்கூடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கையில் பெரிய விளையாட்டு யானை, கண்ணில் நீர், கழுத்தில் அந்தக் கழுத்துப்பட்டி. பின்னால் துஷாந்தி. அவள் கண்ணில் நீர் இல்லை.

"ஜொய்சி அக்கா," என்றாள் துஷாந்தி கதிரையில் இருக்காமலே, "ஒண்டு கேக்கவேணும். ஊரிலை எத்தினை பேர் கிடக்க, உங்கடை பிள்ளைக்கு ஏன் என்ரை மனுசன்ரை பேர்? நீங்களோ தெரிஞ்செடுத்தனீங்கள்?"

பிரதாபன் யானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறுமொழிக்காக ஜொய்சியை ஆசையோடு பார்த்தான். அதைத் துஷாந்தி பார்த்தாள். ஒன்பது நாளும் வீட்டில் தனியாகக் கதைத்துத் தள்ளிய ஜொய்சிக்கு இப்போது ஒரு சொல்லும் வரவில்லை. அவள் ஜெனுஷனைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி அவள் பார்த்து அவன் கண்டதில்லை.

ஜெனுஷன் முன்னுக்கு வந்தான்.

"நான்தான் தங்கச்சி சொன்னனான். கோயில் முழுக்கக் கேட்டது, வீடியோவும் கிடக்கு. இவ வேறை பேர்தான் சொன்னவ. எனக்குத்தான் சின்ன வயசிலையிருந்து பிரதாபன் எண்ட பேரிலை ஒரு... ஒரு இது."

துஷாந்தி அவனை மேலும் கீழும் பார்த்தாள். மீசை இல்லாத அந்த முகத்தில் பொய்யைத் தேடினாள். வெறும் தோல்தான் இருந்தது. கடைசியில் கதிரையில் இருந்து, "அப்ப சரி. எனக்கும் ஒரு துண்டு கேக் தாருங்கோ" என்றாள்.

"அண்ணை!" என்றான் பிரதாபன். "நீங்கள் என்னைக் கண்டால் பாதை மாறிப் போறனீங்கள் எண்டு நான் பிழையா நினைச்சுக்கொண்டு திரிஞ்சனான்."

யானையைக் கீழே வைத்துவிட்டு ஜெனுஷனைக் கட்டிப்பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. கழுத்துப்பட்டி ஜெனுஷனின் மூக்கில் உரசியது. ஜெனுஷனின் முதுகுக்குப் பின்னால் ஜொய்சி பிள்ளையைத் தூக்கி, அதன் முகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.